பெயர் அழிந்த தையல் மிஷினை அடையாளம் காண்பது எப்படி?

அல்சூர் பஜார் வீதியிலிருந்து ஏரிக்கரை வரை எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும், இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பழைய தையல் மிஷினைப் பார்க்கலாம். ஒரு சில வீடுகளில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வீடுகளில் மேலே ஒரு துணி போர்த்தி, அதன்மேல் டி.வி.யையோ சாமி படத்தையோ வைத்திருப்பார்கள். "என்ன மிஷின்?" என்று கேட்டால் யோசிக்காமல் "சிங்கர்" என்று பதில் வரும். வனஸ்பதி எல்லாம் நமக்கு டால்டா ஆனது போல, கறுப்பாக, வளைந்த கழுத்தோடு இருக்கும் மிஷின் எல்லாம் சிங்கர் ஆகிவிட்டது.

தையல் இயந்திரம் என்று எழுதுவதே முறை. ஆனாலும் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லையாதலால் 'மிஷின்' என்றே எழுதுகிறேன். தமிழறிஞர்கள் பொறுத்தருள்க.

நம் பகுதியில் இத்தனை மிஷின்கள் சேர்ந்ததில் வியப்பில்லை. 1809-ல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தபின், படைகளோடும் படைகளுக்கு வேண்டிய தொழில்களோடும் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். இராணுவம் இருக்கும் இடத்தில் தையற்காரர் இல்லாமல் முடியாது. எனக்கு இது தொழில் அல்ல. ஓய்வு நேரத்தில் அக்கம்பக்கத்து வீடுகளில் பழைய மிஷின்களைத் திறந்து பார்ப்பது வழக்கமாகி, இப்போது யார் வீட்டில் எந்த மிஷின் தூங்குகிறது என்று எனக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டது.

அடையாளம் கண்டு என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். சென்ற ஆண்டு கௌதமபுரத்தில் ஓர் அம்மாள் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துப் பிழைப்பவர். அவருடைய புது மிஷின் பழுதாகிவிட்டது. மாமியார் காலத்துக் கை மிஷின் ஒன்று பரணில் இருந்தது. பழுது பார்க்க வந்தவர் அதைத் திறந்து பார்த்து, "இதுக்குப் பாபின் எல்லாம் இப்ப வராதும்மா, எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழைய இரும்புக் கடைக்காரரும் வாசலுக்கு வந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தேன். மேலே இருந்த தங்கநிறப் பூவேலை முழுதும் தேய்ந்துவிட்டது. பெயர் ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பைப் பார்த்தால் அது சிங்கர் கம்பெனியின் 28-ஆம் மாடல். அந்த மாடலுக்கான நீளப் பாபின் இன்றும் புதிதாகத் தயாராகி விற்பனைக்கு வருகிறது. ஊசியோ, இன்றைய வீட்டு மிஷின்களில் போடுகிற அதே தட்டைத்தண்டு ஊசிதான். இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்ததும் ஓட ஆரம்பித்தது. இரும்பு விலைக்குப் போகவிருந்த பொருள் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது.

இனி முறையைச் சொல்லுகிறேன். முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மிஷினின் மேலே எழுதியிருப்பதைக் கடைசியில்தான் நம்ப வேண்டும். பெயின்ட் அடிக்கலாம், பூவேலை ஒட்டலாம், பித்தளை வில்லையைக் கூடப் பிடுங்கி வேறொன்றில் அடித்துவிடலாம். கீழ்நூல் எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் யாராலும் எளிதில் மாற்ற முடியாது. ஆகவே, மிஷினின் வயிற்றைப் பார்த்துத்தான் குலம் கோத்திரம் கேட்க வேண்டும்.

ஊசித்தட்டுக்கு அருகில் வழுவழுப்பான இரும்புத் தகடுகள் நகர்த்தித் திறக்கும்படி இருக்கும். அவற்றைத் திறந்து, கைச்சக்கரத்தை மெதுவாக நம் பக்கம் சுற்றினால் உள்ளே நடப்பது தெரியும். நெசவுத் தறியில் ஓடம் போவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மிகப் பழைய மிஷின்களில் தறி ஓடத்தைப் போலவே ஒரு சிறு படகு, நேர்கோட்டில் இடமும் வலமுமாகப் போய்வரும். சிங்கர் 1865 வாக்கில் வெளியிட்ட 'நியூ ஃபேமிலி' என்கிற 12-ஆம் மாடல் இந்த வகை. அதன் அடித்தட்டு பிடில் வாத்தியத்தைப் போல இடுப்பு ஒடுங்கி இருக்கும். இப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அது உண்மையிலேயே பழையது. ஆனால் அதற்கான ஊசி சாதாரணக் கடைகளில் கிடைக்காது. தைப்பதற்கு நம்பி எடுக்க வேண்டாம்.

அடுத்தது, நான் கௌதமபுரத்தில் பார்த்த வகை. ஊசித்தட்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு தகடுகள். உள்ளே துப்பாக்கிக் குண்டு போலக் கூரான ஷட்டில், முன்னும் பின்னும் வில்போல வளைந்து ஆடும். அதற்குள் இருக்கும் பாபின் வட்டமாக இராது. ஒரு மெல்லிய கம்பியின் இரு முனையிலும் பொத்தான் வைத்தது போல நீளமாக இருக்கும். 1880-களின் நடுவில் தொடங்கி சுமார் எழுபத்தைந்து ஆண்டுகள் சிங்கர் இதைச் செய்துகொண்டிருந்தது. 27, 28, 127, 128 என்று நான்கு மாடல்கள். இவற்றைப் பிரிப்பது கடினமல்ல. அடித்தட்டின் நீளம் சுமார் பதினான்கரை அங்குலம் இருந்தால் 27 அல்லது 127. பன்னிரண்டு அங்குலம் அளவில் இருந்தால் முக்கால் அளவு மிஷின்; 28 அல்லது 128. பாபினுக்கு நூல் சுற்றும் சிறு சக்கரம் தாழ்வாக இருந்தால் முந்தையவை. கைச்சக்கரத்தை ஒட்டி உயரத்தில் இருந்து, ஷட்டிலை மேலே தள்ள ஒரு பொத்தானும் இருந்தால் 127, 128. ஓர் அடிக்கோலும் இரண்டு கண்ணும் போதும்.

வட்டப் பாபினாக இருந்து, அது மிஷினின் இடது ஓரத்தில் ஒரு சிறு கிண்ணத்துக்குள், அதாவது பாபின் கேஸுக்குள், செங்குத்தாக உட்கார்ந்திருந்தால் அது 15-ஆம் வகை. நூலை இறுக்கும் திருகும் இடது பக்க முகத்தகட்டிலேயே இருக்கும். நம் ஊர்த் தையற்கடைகளில் நீங்கள் பார்க்கிற கறுப்பு மிஷின்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். இதைப் பற்றிப் பிறகு சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாபின் கேஸைக் கழற்ற வேண்டாமல், தகட்டை நகர்த்தியதும் வட்டப் பாபின் மல்லாந்து படுத்திருப்பது மேலிருந்தே தெரிந்தால் அது 66; அதன் முக்கால் அளவுத் தம்பி 99. இவற்றில் நூல் இறுக்கும் திருகு இடது ஓரத்தில் இராமல், தைப்பவரின் முகத்தைப் பார்த்தபடி முன்பக்கத்தில் இருக்கும். 1930-களில் வந்த 201-ல் கொக்கி முன்னும் பின்னும் ஆடாமல் முழுச் சுற்றாகச் சுற்றும்; ஓசை மிகக் குறைவு. என்னைக் கேட்டால், வீட்டுக்குச் செய்த மிஷின்களில் இதைப்போல இன்னொன்று வரவில்லை என்பேன். ஆனால் ரசனை ஆளுக்கு ஆள் வேறுபடும்.

கீழ்நூலே இல்லாத மிஷின்களும் உண்டு. வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் மிஷின் ஆங்கில 'ஜி' எழுத்தைப் போல வளைந்து, பார்க்கச் சிற்பம் மாதிரி இருக்கும். ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும். அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பார்களே, சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுதும் பிரிந்துவிடும், அதே தையல்தான். ஒரு மிஷின் எந்த வகை என்று சந்தேகம் வந்தால், பழைய துணியில் நான்கு அங்குலம் தைத்து முனையை இழுத்துப் பார்ப்பது நல்ல சோதனை.

உள்ளே பார்த்தாயிற்று. இப்போது எண்ணைத் தேடலாம். சிங்கர் மிஷினில் அடித்தட்டின் வலது பக்கம், தூணுக்கு முன்னால், இரும்பிலேயே அடித்த எண் ஒன்று இருக்கும். பல ஆண்டு எண்ணெயும் தூசும் படிந்து எழுத்து மூடியிருக்கும். மிஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் துடைத்துவிட்டு, கொஞ்சம் கோலமாவைத் தடவித் துடைத்தால் பள்ளங்களில் மாவு தங்கி எண் பளிச்சென்று தெரியும். டார்ச் விளக்கை நேராக அடிக்காமல் சாய்த்து அடிக்க வேண்டும். ஸ்பிரிட், தின்னர் போன்றவற்றை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. பூவேலையின் மேல் பூசியிருப்பது அரக்கு; ஸ்பிரிட் பட்டால் கரைந்து, அதோடு பூவும் போய்விடும். நூறாண்டு தாங்கியதை ஒரு நிமிடத்தில் துடைத்தெடுத்துவிட்டு வருந்தியவர்கள் உண்டு.

1900-க்கு முன் சிங்கர் மிஷின்களில் வெறும் எண் மட்டுமே இருந்தது. அதன்பின் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து வந்தது. எந்தத் தொழிற்சாலை என்பதை அந்த எழுத்து சொல்லும். இந்தியாவுக்கு வந்த பழைய சிங்கர்களில் மிகுதியானவை ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்னும் ஊரில் இருந்த கில்போவி தொழிற்சாலையில் செய்தவை. தனி 'ஜே' என்றால் அந்த நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகள். 'எஃப்' என்றால் 1910 முதலான ஆண்டுகள். 'ஒய்' என்றால் 1920-களும் 1930-களின் முதற்பாதியும். 'இ' எழுத்தில் தொடங்கும் இரட்டை எழுத்துகள் என்றால் 1930-களின் நடுவிலிருந்து மேற்கொண்டு. 'ஜி' என்றோ, 'ஏ' எழுத்தில் தொடங்கும் இரட்டை எழுத்துகளோ இருந்தால் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து எலிசபெத் நகரம். 'சி' என்றால் ஜெர்மனியில் விட்டன்பெர்க. 'ஜே'யை அடுத்து இன்னோர் எழுத்தும் இருந்தால் அது ஸ்காட்லாந்து அல்ல, கனடா. இந்த ஓர் எழுத்தில் தடுமாறி முப்பது ஆண்டு கணக்குத் தவறுபவர்கள் பலர். கில்போவியில் செய்தவற்றுக்கு மாடல் எண்ணின் பின்னால் 'கே' சேர்த்து 15கே, 66கே, 201கே என்பார்கள். ஒரு சிறு எச்சரிக்கை. எண்களைத் தொழிற்சாலைக்கு மொத்தம் மொத்தமாக ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே பட்டியலில் காணும் தேதி அந்த எண் ஒதுக்கிய தேதியே தவிர, உங்கள் மிஷின் செய்து முடித்த நாள் அன்று.

கௌதமபுரத்து மிஷினில் கோலமாவு தடவியதும் 'எஃப்' எழுத்து வந்தது. முக்கால் அளவு, ஆடும் ஷட்டில், தாழ்ந்த நூல் சுற்றி, 'எஃப்' எண். ஆகவே 28கே, 1910-க்குப் பிந்தைய சில ஆண்டுகளுக்குள். மாமியாருக்கு அது அவருடைய மாமியாரிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் அப்போதுதான் கணக்குப் போட்டுச் சொன்னார்.

கில்போவியைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. 1885-ல் திறந்த அந்தத் தொழிற்சாலை, முதல் உலகப் போருக்குச் சற்று முன் ஓராண்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மிஷின்களை அனுப்பியது. 1911-ல் அங்கே பல்லாயிரம் தொழிலாளர்கள், பெண்கள் தொடங்கிவைக்க, வேலை நிறுத்தம் செய்தார்கள். 1980-ல் மூடிவிட்டார்கள். இன்றும் அந்த ஊர் ரயில் நிலையத்தின் பெயர் 'சிங்கர்' என்பதுதான். நம் பாட்டிமார் மிதித்த மிஷினை வார்த்தவர்கள் அந்த நிலையத்தில் இறங்கித்தான் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

சிங்கர் அல்லாதவை என்ன என்று கேட்பீர்கள். உண்மையில் அடையாளம் காண அரிதானவை அவைதான். ஏன் இத்தனை பெயர் தெரியாத மிஷின்கள் வந்தன என்பதற்குக் காரணம் உண்டு. எலியாஸ் ஹோ 1846-லும், ஐசக் மெரிட் சிங்கர் 1851-லும் காப்புரிமை பெற்றார்கள். ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுச் சலித்து, 1856-ல் முக்கியமான கம்பெனிகள் ஒன்றுகூடித் தங்கள் உரிமைகளை ஒரே மடியில் கட்டிக்கொண்டன. அந்தக் கட்டு 1877-ல் அவிழ்ந்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாயிற்று. ஜெர்மனியில் அதற்கு முன்பே சிங்கரின் 12-ஆம் மாடலைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்கள். பெர்லின் நகரத்து ஃபிரிஸ்டர் அண்ட் ராஸ்மன் கம்பெனியின் மிஷின்களை லண்டனில் 'சிங்கர்' என்ற பெயரைச் சொல்லியே ஒருவர் விற்க, சிங்கர் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1882-ல் பிரபுக்கள் சபை வரை போய், சிங்கர் தோற்றது. செய்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருப்பதால் வாங்குபவர் ஏமாற இடமில்லை என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1896-ல், காப்புரிமை முடிந்தபின் அந்தப் பெயர் பொதுப்பெயர் ஆகிவிட்டது, ஆனால் பிறர் பயன்படுத்தினால் தாம் யார் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. கறுப்பு மிஷின் எல்லாம் சிங்கர் என்று நம் பாட்டி சொன்னதைப் பெரிய பெரிய நீதிபதிகளே ஏறத்தாழ ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்!

ஆகவே பெயர் இல்லாத மிஷினில் வேறு சொற்களைத் தேட வேண்டும். பிரிட்டனில் 1887-லும், இந்தியாவில் 1889-லும் வணிகச் சின்னச் சட்டங்கள் வந்தன. அயல்நாட்டுச் சரக்குகளில் நாட்டின் பெயரைப் பொறிப்பது அவற்றால் பரவியது. 'மேட் இன் ஜெர்மனி' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பின், இரண்டாம் உலகப் போருக்கு முன் என்று கொள்ளலாம். 'வெஸ்டர்ன் ஜெர்மனி' என்றிருந்தால் நாடு பிரிந்த 1949-க்குப் பின். 'ஆக்குபைட் ஜப்பான்' என்றிருந்தால் போருக்குப் பிந்தைய ஆண்டுகள், 1952-க்குள். ஒரு மிஷினின் வயதை நாட்டின் சரித்திரமே சொல்லிவிடுகிறது. ஜோன்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி மிஷினில் அலெக்சாண்ட்ரா மகாராணிக்குக் கொடுத்தது என்று பெருமையாக எழுதியிருக்கும். அவர் மகாராணியானது 1901-ல். எனவே அந்த மிஷின் அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அமெரிக்க மிஷின்களின் நகரும் தகட்டில் காப்புரிமைத் தேதிகள் வரிசையாக இருக்கும். அவற்றுள் கடைசித் தேதியைப் பாருங்கள். மிஷின் அதற்கு முன் பிறந்திருக்காது.

ஜெர்மன் மிஷின்களில் செய்தவர் பெயருக்குப் பதில் விற்ற கடைக்காரர் பெயரே கழுத்தில் இருப்பதும் உண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் ஆயுள் முழுதும் தேட வேண்டியதுதான். அதற்கும் தகட்டைத் திறந்து பார்ப்பதே வழி. இன்னொரு விசித்திரம்: சிங்கர் பெயரே இருந்தும் சிங்கர் போல இராத மிஷின் ஒன்று உண்டு, 9டபிள்யூ என்று. வீலர் அண்ட் வில்சன் என்ற போட்டிக் கம்பெனியை 1905 வாக்கில் சிங்கர் விலைக்கு வாங்கியது. அவர்களுடைய ஒன்பதாம் மாடலைத் தன் பெயரில் தொடர்ந்து விற்றது. அதன் எண்ணுக்கு முன் 'டபிள்யூ' எழுத்து இருக்கும்.

இப்போது 15-ஆம் வகைக்கு வருவோம். உலகில் மிக அதிகமாகப் பார்த்துச் செய்த மிஷின் இது. போருக்குப் பின் ஜப்பானியர் இதை அச்சாகக் கொண்டு, வாங்குபவர் கேட்ட பெயரையெல்லாம் ஒட்டி அனுப்பினார்கள். நம் நாட்டில் பிஷன் தாஸ் பேசில் என்பவர் 1930-களின் நடுவில் கல்கத்தாவில் மிஷின் செய்து, தம் மகளின் பெயரையே அதற்கு வைத்தார். அதுதான் உஷா. பிறகு அந்த ஜெய் என்ஜினியரிங் கம்பெனியை லாலா ஸ்ரீராம் எடுத்து நடத்தினார். பின்னர் லூதியானாவில் சிறு சிறு பட்டறைகள் தோன்றி, பாகங்களை ஆளுக்கொன்றாக வார்த்து, சேர்த்துக் கட்டி, எத்தனையோ பெயர்களில் அனுப்பின. சிங்கர் குடும்பத்திலிருந்தே இந்தியாவில் 'மெரிட்' என்று ஒரு பெயர் வந்தது. அது ஐசக் சிங்கரின் நடுப்பெயர். தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு அரசு இலவசமாகத் தையல் மிஷின் கொடுத்ததையும் அன்பர்கள் அறிவார்கள். லூதியானா மிஷின் மட்டம் என்று சொல்ல மாட்டேன். அதை வைத்து மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பாகங்களும் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் பொருந்தும். மட்டமானது எது என்றால், அதைச் சிங்கர் என்று சொல்லி விற்பது.

நண்பர் ஒருவர், பெயரைச் சொல்ல வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 'ஆயிரத்து எண்ணூற்று எழுபதாம் வருஷத்து சிங்கர்' என்று ஒன்றைப் பெரும் விலை கொடுத்து வாங்கி வந்தார். கழுத்தில் பளபளவென்று தங்க எழுத்து. பித்தளை வில்லை. எண்ணும் இருந்தது: எழுத்தில்லாமல் ஆறு இலக்கம். விற்றவர் கெட்டிக்காரர், எண் பட்டியலைப் பார்த்தே அடித்திருக்கிறார். சிங்கரின் ஆறு இலக்க எண்கள் 1870-களின் தொடக்கத்தோடு முடிந்துவிட்டன என்பது உண்மைதான். நான் இடது ஓரத் தகட்டைத் திறந்தேன். வட்டப் பாபின், பாபின் கேஸ். பதினைந்தாம் வகை! அந்த வகைக்கு மூலமான மிஷினே 1870-களின் கடைசியில்தான் வந்தது. எண் ஒரு காலத்தைச் சொல்ல, உடம்பு வேறொரு காலத்தைச் சொன்னது. அடித்தட்டைச் சாய்த்துக் கீழே பார்த்தால் வார்ப்பு சொரசொரவென்று, புதுப் பெயின்ட் வாசனையோடு இருந்தது. கில்போவி வார்ப்பு கீழ்ப்பக்கமும் நேர்த்தியாக இருக்கும். நண்பர் முகம் வாடிவிட்டது. "நல்லா தைக்குமா?" என்று கேட்டார். நன்றாகவே தைக்கும் என்றேன், உண்மையும் அதுதான்.

இதைவிடப் பெரிய மோசடி ஒன்று இருக்கிறது. பழைய சிங்கர் மிஷினுக்குள் 'சிவப்புப் பாதரசம்' என்ற விலைமதிப்பற்ற பொருள் இருப்பதாக 2009-ல் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி கிளம்பியது. ஊசிக்கருகில் செல்பேசியைக் கொண்டுபோனால் தொடர்பு அறுந்துவிடுமாம்; அறுந்தால் உள்ளே சரக்கு இருக்கிறதாம். பழைய மிஷின்கள் ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் ரியால்களுக்கு விலை பேசின. போலீசார் விசாரிக்க வேண்டியதாயிற்று. நம் பக்கத்தில் கோயில் கலசத்தில் இரிடியம் என்று சொல்லி ஏமாற்றுகிற கூட்டத்துக்கு இது உடன்பிறப்பு. நான் திறந்து பார்த்த எந்த மிஷினிலும் இரும்பு, பித்தளை, எண்ணெய்ப் பிசுக்கு, அறுந்த நூல், ஒருமுறை ஓர் அரையணாக் காசு, இவை தவிர வேறொன்றும் இருந்ததில்லை. இலட்சக்கணக்கில் செய்த பொருளுக்கு அரும்பொருள் விலை கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 28, 66, 15 போன்றவை பழையவையே தவிர அரியவை அல்ல. வாசலில் வந்து நின்று இலட்ச ரூபாய் தருகிறேன் என்பவரிடம், முன்பணம் கட்டச் சொல்லும் பேச்சு எப்போது வரும் என்று காத்திருந்தால் வந்துவிடும்.

காந்தியடிகள் இயந்திரங்களுக்கு எதிரானவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1924-ல் ராமச்சந்திரன் என்ற மாணவரிடம் பேசுகையில் தையல் மிஷினுக்கு மட்டும் அவர் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதை உண்டாக்கினார் என்பது அவர் கேட்டிருந்த கதை. உண்மையில் ஐசக் சிங்கர் பல குடும்பங்களும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் கொண்டவர்; கதை அவருக்குப் பொருந்தாது. விலக்கு மட்டும் மிஷினுக்குப் பொருந்தும். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

உங்கள் வீட்டு மிஷினைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், சக்கரத்தை உடனே சுற்றிவிடாதீர்கள். காய்ந்த எண்ணெய் கோந்து போலப் பிடித்திருக்கும். பலவந்தமாகச் சுற்றினால் ஏதாவது முறியும். எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓரிரவு விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, அதுதான் கோந்தாகிறது. மறுநாள் ஊசியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மெல்ல நம் பக்கம் அசைத்துப் பாருங்கள். மேசை இழுப்பறையில் இருக்கும் பழைய பாபின், ஷட்டில், ஃபுட், துருப்பிடித்த திருகுகள் எதையும் குப்பை என்று எறிய வேண்டாம். மிஷினில் பெயர் இல்லாவிட்டாலும் அவற்றில் மாடல் எண்ணோ பாக எண்ணோ இருக்கக்கூடும். பிறகு அடித்தட்டின் நீளம், பாபினின் வடிவம், எழுத்தோடு கூடிய எண், தூணிலும் தகட்டிலும் கண்ட சொற்கள் ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதி அந்த இழுப்பறையிலேயே போட்டு வையுங்கள். வீட்டில் யார் காலத்தில் வாங்கியது என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தால் அதையும் அந்தக் காகிதத்தில் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.